மூக்கு வழியும் வாய் வழியும்

நோய்க்கிருமிப் பரிசோதனைச் சாலையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்று தெரிந்ததும், என்னைச் சந்திக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது இயந்திரங்களைப் பற்றித்தான். விலை எத்தனை லட்சம், எந்த தேசத்தில் செய்தது, ஒரு தடவைக்கு எத்தனை பேருடைய முடிவைச் சொல்லும் என்றெல்லாம் ஆவலோடு கேட்பார்கள். அதற்குள் போகிற துளி உடம்பின் எந்த இடத்திலிருந்து, எந்த வேளையில், யார் கையால், நோயாளியின் எவ்வளவு சம்மதத்தோடு எடுக்கப்பட்டது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். சுவாச உறுப்புகளைப் பற்றும் வைரஸ் வியாதிகளைப் பொறுத்தமட்டில், முடிவின் யோக்கியதையை நிர்ணயிப்பது பெரும்பாலும் மாதிரி எடுக்கிற அந்த ஒரு நிமிஷந்தான் என்பதும், அந்த நிமிஷத்தை நோயாளியின் கையிலேயே ஒப்படைக்கிற உமிழ்நீர்ப் பரிசோதனையை நம் வைத்திய உலகம் அதற்குரிய மரியாதையோடு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் உத்தேசம்.

மூக்கு வழியாக மாதிரி எடுப்பதென்பது பார்க்கிறவர்களுக்கு ஒரு குச்சியை நுழைத்து எடுக்கிற சாமானியக் காரியமாகத் தோன்றும். உண்மையில் அது பழகவேண்டிய ஒரு கைத்திறன். நாசித் துவாரத்துக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதியாவது குச்சி உள்ளே போக வேண்டும். அதுவும் கண்ணை நோக்கி மேலே ஏறாமல், அண்ணத்துக்கு இணையாக, மூக்கின் தரையை ஒட்டியே போக வேண்டும். தடை தட்டியதும் நிறுத்தி, சில விநாடி அங்கேயே வைத்திருந்து, மெல்லச் சுழற்றி எடுத்து, வி.டி.எம். என்று நாங்கள் சொல்லும் இளஞ்சிவப்புத் திரவத்தில் நுனியை ஒடித்துப் போட வேண்டும். நடுத்தடுப்பு வளைந்தவர்களுக்கு ஒரு பக்கம் போகவே போகாது. பஞ்சு சுற்றிய பழைய குச்சிகள் போய், நைலான் இழைகளை நட்டுக்குத்தலாக நிறுத்திய குச்சிகளை இத்தாலியிலுள்ள கோப்பான் கம்பெனியார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த பிறகு, மாதிரி சிறிது நேர்த்தியாக வரத் தொடங்கிற்று. ஆனால் குச்சி நேர்த்தியாவதும் கை நேர்த்தியாவதும் வேறு வேறு விஷயங்கள். காலையில் நிதானமாக எடுக்கிற ஒரு ஹவுஸ் சர்ஜனுடைய மாதிரிகளுக்கும், அதே மனிதர் பிற்பகலில் கவச உடைக்குள் வியர்த்து ஓய்ந்தபின் எடுக்கிற மாதிரிகளுக்கும் உள்ள வேறுபாட்டை, அவர் முகத்தைப் பாராமலே கணினித் திரையில் நாங்கள் கண்டுகொள்வோம்.

அது எப்படி என்றால், ஆர்டி-பிசிஆர் என்னும் பரிசோதனையில் வைரஸின் மரபுப் பொருளைச் சுற்றுக்குச் சுற்று இரட்டித்துக்கொண்டே போகிறோம். எத்தனையாவது சுற்றில் அது கண்ணுக்குப் புலனாகிறதோ அந்த எண்ணுக்குச் சிடி வேல்யூ என்று பெயர். எண் குறையக் குறைய வைரஸ் அதிகம் என்று அர்த்தம், ஏறத்தாழ 3.3 சுற்று வித்தியாசம் பத்து மடங்கு வித்தியாசத்துக்குச் சமம். இதோடுகூட, மாதிரியில் மனித உயிரணு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆர்னேஸ்-பி என்னும் மனித மரபணுவையும் சேர்த்தே தேடுவோம். அது தாமதமாகத் தலைகாட்டினால், குச்சி மூக்கின் வாசலைத் தொட்டுக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட மாதிரியிலிருந்து வருகிற 'நெகட்டிவ்' என்ற தீர்ப்புக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? கையின் களைப்பு சிடி வேல்யூவில் தெரியும் என்று என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

நான் தொழிலில் சேர்ந்த காலத்தில் இந்தச் சங்கடங்கள் இன்னும் கொடுமையாக இருந்தன. இளைப்போடு வரும் கைக்குழந்தைகளுக்கு ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று அறிய, மூக்கில் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சிச் சளியை எடுப்போம். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி, ஒளிரும் சாயமிட்டு, இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்ப்போம். குழந்தையின் அழுகையைவிடத் தாயின் முகத்தைப் பார்ப்பது கடினம். 2009-ல் பன்றிக்காய்ச்சல் என்று ஜனங்கள் பெயரிட்ட எச்1என்1 வந்து, சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டுக்குத் தமிழ்நாடெங்குமிருந்து மாதிரிகள் போய்க்கொண்டிருந்த நாட்களில், தொண்டையில் குச்சி பட்டவுடன் குமட்டி, எடுக்கிறவர் மேலேயே வாந்தியெடுத்தவர்கள் உண்டு. குமட்டலோடும் இருமலோடும் பறக்கிற நுண்துளிகள் மாதிரி எடுக்கிறவருக்கு நோயைக் கொடுக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. உடனடியாக முடிவு சொல்லும் ஆன்டிஜென் சோதனையைப் பல ராஜ்யங்கள் கைக்கொண்டபோது, தமிழ்நாடு அவ்வாண்டு முழுவதும் ஆர்டி-பிசிஆர் ஒன்றையே பிடிவாதமாகப் பற்றி நின்றது. அது சரியான பிடிவாதம் என்றே இன்றும் நினைக்கிறேன்; ஆனால் அதன் பாரம் முழுவதும் குச்சி பிடித்த கைகளின் மீதும் எங்களுடையதைப் போன்ற பரிசோதனைச் சாலைகளின் மீதும் விழுந்தது. உலகத்துக்கே குச்சி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கோப்பான் தொழிற்சாலை, ஐரோப்பாவில் வியாதி முதலில் தலைவிரித்தாடிய லொம்பார்தியிலேயே, பிரேஷியா நகரில் இருந்ததென்பது அந்த வருஷத்தின் விசித்திரங்களில் ஒன்று. தட்டுப்பாடு ஒரு புறம் இருக்க, தெருவில் முகாம் போடுகிறார்கள் என்றதும் பின்வாசல் வழியாக நழுவிப் போனவர்களே எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தார்கள். முதல் தடவை குச்சி பட்டவர்கள் இரண்டாம் தடவைக்கு வருவதில்லை. மூளையைத் தொட்டுவிடும் என்று வதந்தி வேறு. மறுத்துப் போனவனுடைய மாதிரியை உலகத்தின் எந்த இயந்திரமும் பரிசோதிக்க முடியாது.

இந்த நெருக்கடியில்தான், ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு சிறு கட்டுரை என் கண்ணில் பட்டது. கெல்வின் டோ, யுவென் குவோக்-யுங் முதலியோர் 12 நோயாளிகளின் உமிழ்நீரைச் சோதித்து 11 பேரிடம் புதிய கொரோனா வைரஸைக் கண்டதாக 2020 பிப்ரவரியில் எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் அவர்கள் திடீரென்று இதில் இறங்கியவர்கள் அல்லர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இன்ஃபுளுயென்ஸா முதலிய பழைய வைரஸ்களுக்கு உமிழ்நீர் போதுமா என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 2003-ல் சார்ஸ் பரவியபோது தைவானிலும் தொண்டை கொப்புளித்த நீரிலும் உமிழ்நீரிலும் அந்த வைரஸைக் கண்டிருந்தார்கள். ஆதலால் இது நெருக்கடியில் பிறந்த குறுக்கு வழியன்று. நெருக்கடியில் நினைவுக்கு வந்த பழைய வழி.

எவ்வளவு பழையது என்று தேடிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர் மனித இன்ஃபுளுயென்ஸா வைரஸை முதன்முதலாகப் பிடித்ததே, நோயாளிகள் தொண்டை கொப்புளித்து உமிழ்ந்த நீரை வடிகட்டி, ஃபெரெட் என்ற, கீரியைப் போன்ற ஒரு பிராணியின் மூக்கில் விட்டுத்தான். அந்த ஆராய்ச்சியின் நடுவில் ஸ்மித்தே காய்ச்சலில் விழ, அவரிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி டபிள்யூ.எஸ். என்று வழங்குகிறது. நம் ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1957 மே மாதத்தில் ஆசியக் காய்ச்சல் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இன்ஃபுளுயென்ஸாவுக்கென்று ஒரு மையம் இருந்தது. கொப்புளித்த நீரைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் செலுத்தி வைரஸை வளர்ப்பது அந்தக் காலத்துப் பரிசோதனைக்காரர்களின் அன்றாட வேலை. குச்சி என்பது பிற்பாடு வந்த சௌகரியம். அதையே ஆதி முறையென்று எண்ணுகிற பிரமை நம் தலைமுறைக்கு ஏற்பட்டுவிட்டது.

உமிழ்நீர் ஏமாற்றவும் கூடும் என்பதற்கு இன்னும் முந்திய ஒரு சரித்திரம் இருக்கிறது. 1880 டிசம்பரில் லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடி நோயால் இறந்த ஒரு குழந்தையின் உமிழ்நீரை முயல்களுக்குச் செலுத்த, அவை ஒன்றரை நாளுக்குள் மாண்டன. வெறிநோயின் கிருமி அகப்பட்டுவிட்டது போலும் என்ற எண்ணம் எழுவது இயற்கை. ஆனால் அதே வேளையில் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பர்க் என்பவர், தேக சௌக்கியத்தோடிருந்த தம்முடைய சொந்த உமிழ்நீரையே செலுத்தி முயல்களைக் கொன்றிருந்தார். இருவரும் கண்டது, பின்னாளில் நியுமோகாக்கஸ் என்று பெயர்பெற்ற, ஆரோக்கியமானவர் வாயிலும் குடியிருக்கிற பாக்டீரியாவை. வாய் ஒரு பொதுச் சத்திரம்; அங்கே இருப்பவர்களெல்லாம் குற்றவாளிகள் அல்லர். வைரஸின் மரபுப் பொருளை மட்டும் குறிவைத்துத் தேடுகிற பிசிஆர் முறை வந்த பிறகே இந்தக் குழப்பம் நீங்கி, உமிழ்நீருக்கு மறுபடியும் யோகம் வந்தது.

எங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்று, மூக்கு மாதிரி கொடுக்க வந்தவர்களில் சம்மதித்தவர்களிடம் உமிழ்நீரையும் ஒரு குப்பியில் வாங்கி, இரண்டையும் அக்கம்பக்கமாகப் பரிசோதிப்பதென்று தீர்மானித்தோம். காகிதத்தில் எளிதாகத் தெரிந்த அந்தக் காரியத்தில் முதல் தடை விஞ்ஞானத்திலிருந்து வரவில்லை. பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்று அரசாங்கம் சட்டம் செய்திருந்த காலம் அது. ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எச்சில் துப்பாதீர்கள் என்ற அறிவிப்பு. அந்த அறிவிப்பின் கீழேயே நின்று கொண்டு, எங்கள் டெக்னீஷியன் பெண் ஒரு முதிய அம்மாளிடம் குப்பியை நீட்டினாள்.

"ஏந்தாயி, உள்ள போயி எச்சி கிச்சி துப்பிராதன்னு சொல்லித்தான் எம்மவன் கூட்டியாந்தான். நீயி துப்பச் சொல்றியே?" என்றாள் கிழவி.

"தரையில இல்ல பாட்டி, இந்தக் குப்பிக்குள்ள. யாரும் ஏச மாட்டாங்க."

"ஆம்பளைக நிக்கிறாகளே."

எங்களைத்தான் சொன்னாள். பிறர் பார்க்க உமிழ்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு, அதுவும் வயது சென்ற பெண்களுக்கு, இந்தச் சங்கோசம் மூக்குக் குச்சியின் வலியைக் காட்டிலும் பெரிது. மறுநாளே ஒரு துணித் தடுப்புக் கட்டினோம். தடுப்புக்குப் பின்னால் போய் அவரவர் தம் கையாலே குப்பியை நிரப்பி, மூடி, வெளியே சாராயத்தில் துடைத்து வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றானதும், மறுத்தவர்கள் அநேகமாக இல்லாமல் போயினர். எங்கள் ஆட்களும் கைக்கெட்டாத தூரத்தில் நிற்க முடிந்தது. அந்தத் துணித் தடுப்புக்கு ஆன செலவைவிட லாபகரமான முதலீடு எதையும் அந்தப் பரிசோதனைச் சாலையில் நான் பார்த்ததில்லை.

ஆனால் எதைத் துப்ப வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் இருந்தது. ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிற உமிழ்நீர் ஒரே இடத்து நீரன்று. காதுக்கு முன்னும் தாடைக்குக் கீழும் நாக்கின் அடியிலுமாக மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகளும், கன்னத்திலும் உதட்டிலும் சிதறிக் கிடக்கும் எண்ணற்ற சிறு சுரப்பிகளும் அதைத் தருகின்றன. ஈறுகளின் இடுக்கில் கசிகிற நீரும், மூக்கின் பின்புறத்திலிருந்து வழிகிற சளியும், நுரையீரலிலிருந்து மேலேறி வருகிற கபமும் அதில் கலக்கின்றன. ஹாங்காங்காரர்கள் தொண்டையின் ஆழத்திலிருந்து காறி எடுக்கச் சொன்னார்கள். காறுகிற ஓசையைக் கூட எழுத்தில் எழுதிக் காட்டி, காலையில் பல் துலக்குமுன், நீரருந்துமுன் எடுக்க வேண்டும் என்று வருகிற பிரயாணிகளுக்கெல்லாம் குப்பியோடு குறிப்பும் கொடுத்தார்கள். காறுவது நம்மவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தையன்று. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன் வைலியும் அவர் சகாக்களுமோ, காறவே வேண்டாம், நாக்கின் அடியில் இயல்பாக ஊறுகிற நீரைச் சேர்த்து வழியவிட்டால் போதும் என்றார்கள். இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காறி எடுத்ததில் வைரஸ் சற்று அதிகமாக இருக்கக்கூடும். கையாளுவதோ நரக வேதனை. ஊறி எடுத்தது தெளிவாக இருக்கும். எல்லோர் வாயிலிருந்தும் ஒரே மாதிரியாக வரும். பலவிதமான ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, உமிழ்நீர் அப்படி, உமிழ்நீர் இப்படி என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை எத்தனை தடவை கவனியாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்குக் கோபம்கூட வரும்.

காறி எடுத்த மாதிரியோடு பழகிய டெக்னீஷியனைக் கேட்டால் அதன் கஷ்டம் தெரியும். மியூசின் என்ற பொருளின் காரணமாக அது மைக்ரோபிப்பெட்டின் நுனியில் பிடித்துக்கொண்டு, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதத்தில் இழுபடுமே, அப்படி இழுபட்டுக்கொண்டே வரும்; பத்து மைக்ரோ லிட்டர் எடுத்தோம் என்று நினைத்தால் உண்மையில் எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. டிப்பின் நுனியைக் கிருமி நீக்கிய கத்தரியால் சற்று நறுக்கி வாயைப் பெரிதாக்கிக்கொள்வது ஒரு யுக்தி. நுரையை அளவில் சேர்க்காமல் நுரைக்குக் கீழே எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. புரொட்டினேஸ்-கே என்ற நொதியைச் சேர்த்துக் குலுக்கி, பிறகு 95 டிகிரி வெப்பத்தில் ஐந்து நிமிஷம் வைத்தால், குழகுழப்பும் தளர்ந்து, மரபுப் பொருளைச் சிதைக்கிற நொதிகளும் அடங்கி, வைரஸும் வீரியமற்றுப் போகும். யேல் கோஷ்டியார் செய்த பெரிய உபகாரம் இந்த இடத்தில்தான். பிரத்தியேகக் குழாயும் வேண்டாம், பதப்படுத்தும் திரவமும் வேண்டாம், மரபுப் பொருளைப் பிரித்தெடுக்கும் விலையுயர்ந்த கிட்டும் வேண்டாம் என்று அவர்கள் வகுத்த சலைவா-டைரக்ட் முறைக்கு, அமெரிக்க அரசாங்கம் 2020 ஆகஸ்டு 15-ந் தேதி அவசர அனுமதி அளித்தது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களில் அந்நாட்டுக் கூடைப்பந்துச் சங்கமும் ஒன்று. ஆட்டக்காரர்கள் அடிக்கடி மூக்கைக் காட்டச் சம்மதிக்கவில்லை போலும். பிரித்தெடுக்கும் கிட்டுக்காக நாங்கள் வாசலைப் பார்த்துக் காத்திருந்த வாரங்களில், இந்தச் செய்தி எத்தகைய ஆறுதலாக இருந்தது என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்களே அறிவார்கள்.

நம் நாட்டு வாய்களுக்கென்று சில பிரத்தியேகச் சங்கடங்கள் உண்டு. அவற்றை எந்த அந்நியக் குறிப்பேட்டிலும் நான் பார்க்கவில்லை. முதலாவது காப்பி. அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் வரவேண்டும் என்று சொன்னால், எதையும் என்பதில் காப்பியைச் சேர்க்காத மனிதர்கள் ஏராளம். இரண்டாவது வெற்றிலை பாக்கு. குப்பியைத் திறந்தால் செக்கச்செவேலென்று இருக்கும். பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் பிசிஆர் வினையை முடக்க, வைரஸும் வராது, ஆர்னேஸ்-பியும் வராது. ஆர்னேஸ்-பி வராத மாதிரியை நெகட்டிவ் என்று எழுதாமல் செல்லாதது என்று எழுத வேண்டும் என்பதை அந்தச் சிவப்புக் குப்பிகளே எங்கள் இளைஞர்களுக்குப் போதித்தன. வாயை நன்றாகக் கொப்புளித்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்லி மறுபடி வாங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்றாவது வறண்ட வாய். காய்ச்சலில் நீர் வற்றிய கிழவர்கள், நீரிழிவுக்காரர்கள், தூக்கத்துக்கோ ஒவ்வாமைக்கோ மாத்திரை தின்கிறவர்கள், பிராணவாயு முகமூடியோடு படுத்திருப்பவர்கள் ஆகியோரிடம் ஒரு மில்லி லிட்டர் கேட்பது பாவம். அவர்களுக்கு மூக்குதான் வழி. எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வது ஓரளவு பலிக்கும்; ஊறுகாயைப் பற்றிப் பேசினால் இன்னும் நன்றாகப் பலிக்கும் என்பது எங்கள் டெக்னீஷியனின் கண்டுபிடிப்பு.

முடிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரு மாதிரியும் ஒத்துப் போனவையே மிகுதி. ஒவ்வாதவற்றை எடுத்து வைத்து நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளோடு பொருத்திப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நோயின் ஆரம்ப நாட்களில் மூக்கில் இல்லாதது வாயில் இருந்தது. ஒரு வாரம் கடந்தவர்களிடம் வாயில் தேய்ந்து போனது மூக்கின் ஆழத்தில் இன்னும் எஞ்சியிருந்தது. உலகத்தின் வேறு இடங்களிலும் ஏறக்குறைய இவ்வாறே கண்டார்கள். கனடாவிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2021 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கில், வியாதியுள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன் உமிழ்நீருக்கு 83.2 சதவிகிதம், மூக்கு மாதிரிக்கு 84.8 சதவிகிதம் என்றிருந்தது. மூக்கையே பொன்னுரைகல் என்று வைத்துக்கொண்டு உமிழ்நீரை உரைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்த உரைகல்லும் நூற்றுக்குப் பதினைந்து பேரைத் தவறவிடுகிறது என்ற செய்தி உறுத்தியிருக்க வேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் இன்னொரு விஷயமும் ஊர்ஜிதமாயிற்று: கொரோனா வைரஸ் மூக்கிலிருந்து வாய்க்கு வழிந்து வந்த விருந்தாளி மட்டுமன்று, வாயின் உட்தோலிலும் சுரப்பிகளிலுமே புகுந்து பெருகுகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள்.

என் சிநேகிதர் ஒருவர், நுரையீரல் வைத்தியத்தில் பெயரெடுத்தவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஸார், ஒரு சதவிகிதமானாலும் குறைவு குறைவுதானே? என் நோயாளிக்குச் சிறந்த சோதனையைத்தானே நான் கேட்பேன்?" என்றார். அவர் கேட்டது நியாயமே. படுக்கையில் இருக்கிற ஒருவருக்கு, ஒரே தடவை, தேர்ந்த கையால் எடுப்பதானால் மூக்குதான் என்று நானும் சொல்வேன். ஆனால் என் கேள்வி வேறு. விடுதியில் தங்கிய மாணவர்கள், தொழிற்சாலையில் ஷிப்டு மாறுகிறவர்கள், முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்கிறவர்கள் ஆகியோரை வாரத்துக்கு இரு தடவை பரிசோதிக்க வேண்டுமென்றால், யார் வாரத்துக்கு இரு தடவை மூக்கைக் காட்டுவார்கள்? ஒரே தடவை செய்த கூர்மையான சோதனையைவிட, சற்று மழுங்கியதாயினும் அடுத்தடுத்துச் செய்த சோதனை அதிகம் பேரைப் பிடிக்கும். அவரிடம் இதைச் சொல்லி நான் ஜயித்துவிட்டதாக எண்ண வேண்டாம். இன்றும் அவர் மூக்குக் கட்சிதான்.

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டிருந்த வேளையில், நாகபுரியிலுள்ள நீரி என்னும் மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த உப்புநீர் கொப்புளிக்கும் முறைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அங்கீகாரம் அளித்தது. உப்புநீரைத் தொண்டையில் கொப்புளித்து, வாயில் அலசி, குழாயில் உமிழ்ந்துவிட வேண்டியது. பரிசோதனைச் சாலையில் ஒரு கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் பிசிஆருக்குத் தயார். 1933-ன் லண்டன் முறை எண்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஃபெரெட் இல்லாமல் நாகபுரிக்கு வந்து சேர்ந்ததாகவே எனக்குப் பட்டது. குழகுழப்பு இல்லை, பாக்குச் சாயமும் நீர்த்துப் போகிறது, வறண்ட வாய்க்காரருக்கும் வழி கிடைக்கிறது. ஒரே ஒரு குறை, கொப்புளிக்கும்போது நுண்துளிகள் பறக்கும். ஆகவே திறந்த வெளியில், தனியாக நின்று செய்ய வேண்டும். இந்த முறை கிராமங்களில் வேரூன்றியிருக்க வேண்டும். வேரூன்றவில்லை. அலை வடிந்ததும் அக்கறையும் வடிந்துவிட்டது. வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆன்டிஜென் கிட் கடைக்கு வந்துவிட்டது.

அவ்வாண்டுக் கடைசியில் ஒமிக்ரான் என்ற உருமாறிய கொரோனா வந்து எங்கள் கணக்குகளைத் தலைகீழாக்கிற்று. டெல்டாவின் காலத்தில் மூக்கின் கை ஓங்கியிருக்க, ஒமிக்ரானின் காலத்தில் வாயின் கை ஓங்கியிருப்பதைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் முதலில் சொன்னார்கள். தொண்டை கரகரப்போடு வந்து, மூக்கில் நெகட்டிவாகி, வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் குடும்பத்தோடு திரும்பி வந்தவர்களை நாங்களும் பார்த்தோம். ஒரே வைரஸ், உருமாறியவுடன் தங்குமிடத்தையும் மாற்றிக்கொள்ளுமானால், எந்த மாதிரி சிறந்தது என்பதை ஒரு தடவை தீர்மானித்துப் புத்தகத்தில் அச்சிட்டுவிட முடியாது.

மற்ற வைரஸ்களின் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இன்ஃபுளுயென்ஸாவுக்கும் ஆர்.எஸ்.வி.க்கும் உமிழ்நீர் பயன்படும் என்று கெல்வின் டோ கோஷ்டியார் 2019-லேயே 214 நோயாளிகளைக் கொண்டு காட்டியிருந்தார்கள்; மூக்கு மாதிரியோடு ஒற்றுமை 93.3 சதவிகிதம். வயது வந்தவர்களிடம் ஆர்.எஸ்.வி. மூக்கில் மட்டும் தேடினால் நழுவிவிடுகிறது, உமிழ்நீரையும் சேர்த்துத் தேடினால் அகப்படுகிறது என்று பின்னர் கண்டிருக்கிறார்கள். பொன்னுக்கு வீங்கி என்று நம் கிராமத்தார் சொல்லும் மம்ப்ஸுக்கோ, வாய்தான் பிரதான வாசல்: காதுக்கு முன்னுள்ள சுரப்பியை அரை நிமிஷம் நீவிவிட்டு, கன்னத்தின் உட்புறத்தில் அதன் குழாய் திறக்கும் இடத்தில் குச்சியால் தடவி எடுக்க வேண்டும். நீவாமல் எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்குக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சிறு பஞ்சு நுனியை ஊறவைத்து எடுக்கலாம். உறிஞ்சு குழாயின் காலத்தைக் கண்டவனுக்கு அது ஒரு பெரிய விடுதலை.

உமிழ்நீரில் கொரோனா வைரஸின் மரபுப் பொருள் எந்தப் பதப்படுத்தியும் இல்லாமல், 30 டிகிரி வெப்பத்திலும்கூட, 25 நாள் வரை கெடாமல் கிடந்ததை யேலில் கண்டார்கள். எங்கள் ஊரில் சித்திரை மாதத்து வெப்பம் முப்பதோடு நிற்பதில்லையாதலால், நான் ஐஸ் பெட்டியை விட்டுவிடவில்லை. ஆனால் ஐஸ் உருகிப் போன பெட்டியோடு வந்து சேர்ந்த மலைக்கிராமத்துக் குப்பிகளை அப்படியே கொட்டிவிடாமல் பரிசோதித்துப் பார்க்கும் துணிவை அந்த ஆய்வு கொடுத்தது.

இப்போது அந்தப் பரிசோதனைச் சாலையை நடத்துகிறவர் என் மாணவி. காய்ச்சல் காலங்களில், ஒரே வினையில் பல வைரஸ்களைத் தேடுகிற கிட்டுகளை வைத்துக்கொண்டு, மூக்குக் குச்சிக்கு மறுத்தவர்களிடமெல்லாம் உமிழ்நீரை வாங்கிவிடுகிறார். நான் போகும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு தர்க்கம் நடக்கும். மாதிரியோடு வருகிற படிவத்தில் நோயாளியின் பெயர், வயது, தேதி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள், காறி எடுத்ததா ஊறி எடுத்ததா, காலையிலா மத்தியானத்திலா, வெற்றிலை உண்டா என்பவற்றுக்குக் கட்டம் இல்லை. புதிய படிவம் அச்சிட மேலிடத்து அனுமதி வரவேண்டும் என்கிறார் அவர். அதுவரை படிவத்தின் வலது ஓரத்தில் பென்சிலால் எழுதி வாங்கு என்கிறேன் நான். எழுதுகிறவர்களின் கையெழுத்து புரியவில்லை என்கிறார். ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்துவிடலாம் என்பதில் சென்ற மாதம் இருவரும் உடன்பட்டிருக்கிறோம்.